கொள்ளிடத்து வெறுங்கரை

புதிதாக வேலையில் சேர்ந்திருக்கும் உங்களுக்காக நாலு வார்த்தை எழுதித் தர வேண்டும் என்று ஆபீஸிலிருந்து கேட்டார்கள். இரண்டு முறை முடியாது என்றேன். மூன்றாவது முறை கேட்டபோது மறுத்துப் பேசத் தெம்பில்லாமல் சரி என்று சொல்லிவிட்டேன். இந்த வயதில் நான் கொடுக்கிற சம்மதம் எல்லாம் பெரும்பாலும் அப்படி வருவதுதான்.

நாற்று எப்படி விடுவது, கரையை எப்படி அளப்பது என்பதெல்லாம் உங்களுக்குப் பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அதில் எனக்கு உங்களைவிட அதிகம் தெரியும் என்று இப்போது சொல்ல மாட்டேன். பயிற்சியில் சொல்லாத ஒன்றிரண்டை மட்டும் எழுதுகிறேன். படித்துவிட்டு மறந்தாலும் எனக்கு வருத்தமில்லை, நானும் அப்படித்தான் பலதை மறந்தேன்.

நம் பிரிவின் வேலையே பல நாட்டுக்காரர்களோடு சேர்ந்து பாப்லர், வில்லோ மரங்களை வளர்ப்பதும் பயன்படுத்துவதும்தான். கடலூர் மாவட்டத்தில் இந்தப் பெயர்களைச் சொன்னால் ஒருவருக்கும் புரியாது. இங்கே மரம் என்றால் சவுக்கு, முந்திரி, பலா. பண்ருட்டியில் போய் நின்று உங்கள் வேலையை விளக்கிப் பாருங்கள், பலாப்பழம் வேண்டுமா வேண்டாமா என்று கேட்டு அனுப்பிவிடுவார்கள். நான் ஏதோ வெளிநாட்டுப் பழச்செடி ஆபீஸில் இருப்பதாகத்தான் என் வீட்டுக்காரர் கடைசிவரை சொந்தக்காரர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். திருத்திப் பார்த்தேன், அப்புறம் விட்டுவிட்டேன்.

முதலில் பாப்லரைப் பற்றிச் சின்னதாக ஒன்று. வடக்கே தீக்குச்சிக்கும் பிளைவுட்டுக்கும் வளர்க்கிற மரம் அது. குளிர்காலத்தில் இலையெல்லாம் உதிர்த்துவிட்டுத் தூங்கி, வெயில் வந்ததும் எழுந்து கிடுகிடுவென்று வளரும். இதைக் கடலூர் மண்ணில் வளர்த்துப் பார்க்கலாம் என்று எங்கேயோ ஒரு கூட்டத்தில் முடிவாகி எங்கள் தலையில் வந்து விழுந்தது. நம் மார்கழியில் பனிதான் பெய்யும், அந்த மரத்துக்கு வேண்டிய குளிர் எங்கே வரும்? கொஞ்சம் இலையை உதிர்த்தது, உதிர்த்த இடத்திலேயே துளிர்த்தது, மறுபடி உதிர்த்தது. நைட் ஷிப்ட் முடித்துவிட்டுப் பகலில் தூக்கம் வராமல் புரள்கிறவரைப் போல ஒரு வருஷம் நின்றது. அடுத்த கத்திரியில் போய்விட்டது.

அறிக்கையில் ‘எதிர்பார்த்த வளர்ச்சி இல்லை’ என்று நாசூக்காக எழுதலாமே என்று ஆபீஸில் எல்லோரும் சொன்னார்கள். அப்போது எனக்கு மேலே ஒரு அதிகாரி இருந்தார். பெயரைப் போட்டால் சிதம்பரத்திலிருந்து கிளம்பி வந்து சண்டை போடுவார், அதனால் வேண்டாம். அவர்தான் என் மேஜைக்கு வந்து சொன்னார்.

“செத்துதுன்னா செத்துதுன்னு எழுதும்மா. நீ பூசி மெழுகுனா, இன்னொரு ஊர்ல இன்னொருத்தன் இதையே நட்டுட்டு ஒரு வருஷம் தண்ணி ஊத்திக்கிட்டு கெடப்பான்.”

அப்படியே எழுதினேன். அந்த வரியைப் படித்துவிட்டு நம்மைப் போலவே வெக்கையான இரண்டு நாடுகளில் பாப்லர் யோசனையைக் கைவிட்டார்கள். பல நாட்டுக்காரர்கள் சேர்ந்து வேலை செய்வதில் எனக்குப் பிடித்த விஷயம் அதுதான். இங்கே செத்தது இன்னொரு இடத்தில் யாருக்கோ உதவுகிறது. ஆனால் அதற்கு ஒவ்வொருவரும் தன் இடத்தில் நடந்ததை நடந்தபடியே விட்டு, பார்த்தபடியே சொல்ல வேண்டும். இதைச் சொல்வது சுலபம். கொள்ளிடத்தில் நான் மாட்டிக்கொண்டது இந்த இடத்தில்தான்.

வில்லோ நம் ஊரிலும் உண்டு என்று பலருக்குத் தெரியாது. ஆற்றோரத்தில் ஆற்றுப்பாலை என்று ஒரு மரம் நிற்குமே, அது வில்லோ சாதிதான். நெதர்லாந்திலிருந்து வந்த மார்த்தா என்ற விஞ்ஞானி அதைக் காட்டுமன்னார்கோயில் பக்கம் கொள்ளிடக் கரையில் பார்த்துவிட்டு, வெளியூரில் சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி அதன் பக்கத்திலேயே நின்றுவிட்டார். அவர்கள் ஊரில் வில்லோ கிளைகளை வெட்டி ஊன்றி, பின்னி, ஆற்றுக் கரைகளையே கட்டுவார்களாம். நாம் முருங்கைப் போத்து நடுவோமே, அதேதான். ஒரே முறையில், ஒரே அமைப்பில், பல நாட்டு ஆறுகளில் உள்ளூர் வில்லோவை ஊன்றிப் பார்ப்பது என்று திட்டம் போட்டார்கள். அதில் நம் கொள்ளிடமும் சேர்ந்தது.

இடம் கொடுத்தவர் ஜக்கரியா பாய். குவைத்தில் வெகு காலம் கிரேன் ஓட்டிவிட்டு ஊர் திரும்பி, ஆற்றங்கரையில் படுகை நிலம் வாங்கி வாழை போட்டிருந்தார். எதையும் சரியாகச் செய்ய வேண்டும் என்கிற மனுஷன். வாழைக்கு வாய்க்கால் வெட்டினால்கூடக் கயிறு பிடித்து வெட்டுவார். கரையை ஒட்டி அவருடைய மோட்டார் கொட்டாய் இருந்தது. அதிலிருந்துதான் அவர் வயலுக்கும் அக்கம்பக்கத்து வயல்களுக்கும் தண்ணீர் போகும். ஒவ்வொரு வெள்ளத்துக்கும் ஆறு கொஞ்சம் கொஞ்சமாக அந்தக் கொட்டாயை நோக்கி வந்துகொண்டிருந்தது. அதனால்தான் எங்களைக் கூப்பிட்டு இடம் கொடுத்தார்.

கரையைத் துண்டு துண்டாகப் பிரித்து, சிலவற்றில் போத்து ஊன்றி, ஒரு துண்டை மட்டும் ஒன்றும் செய்யாமல் வெறுமனே விட வேண்டும். அது இருந்தால்தான் மரம் கரையைக் காப்பாற்றியதா, அல்லது அந்த வருஷம் ஆறே சாதுவாகப் போனதா என்று தெரியும். எங்கள் ஆட்கள் அதை வெறுங்கரை என்பார்கள். எது வெறுங்கரை என்பதை நாமே தேர்ந்தெடுக்கக் கூடாது. நம் மனசு நம்மையே ஏமாற்றும், நல்ல இடமாகப் பார்த்து நட்டுவிட்டு மரத்தைப் புகழ்வோம். அதனால் சீட்டுக் குலுக்கிப் போடுவது வழக்கம்.

நிலத்துக்காரரே எடுக்கட்டும் என்றார் மார்த்தா. எல்லோருக்கும் அது அழகான யோசனையாகத் தோன்றியது. பாய் தன் தொப்பியைக் கழற்றிக் கொடுத்தார், அதில்தான் சீட்டுகளைப் போட்டோம். பிஸ்மில்லா சொல்லி எடுத்தார். வெறுங்கரை நேராக மோட்டார் கொட்டாய்க்கு முன்னால் வந்து விழுந்தது.

இன்னொரு தடவை எடுக்கலாமே பாய் என்று நான்தான் இழுத்தேன்.

“திருப்பி எடுத்தா அது சீட்டா மேடம்? வந்தது வந்ததுதான். எழுதிக்குங்க” என்றார். முகம் மட்டும் கொஞ்சம் வாடியிருந்தது.

பக்கத்துத் தென்னந்தோப்புக்காரர் அந்தோணியும் அங்கே நின்றிருந்தார். ஆறு போகிற போக்கில் பாய் நிலத்துக்கு அடுத்தது அவர் கரை. தன் கரையிலும் போத்து ஊன்றலாமா என்று கேட்டார். இரண்டாம் கட்டத்தில் கரை முழுக்க நடுவோம், உங்களுடையதும் வரும், அதுவரை எதையும் ஊன்ற வேண்டாம், கணக்குக் குழம்பிவிடும் என்று எங்கள் ஆபீஸ்காரர்கள் சொன்னார்கள். சரிங்க என்று தலையாட்டிவிட்டுப் போனார். இப்படிச் சொல்வது நம் தொழிலில் சர்வ சாதாரணம். நீங்களும் வருகிற மாதமே யாரிடமாவது சொல்வீர்கள்.

அடுத்த வருஷம் மேட்டூர் நிரம்பி, கீழணையில் மதகுகளைத் தூக்கிவிட்டார்கள். கொள்ளிடம் கரை தொட்டு ஓடியது. போத்து ஊன்றிய துண்டுகளில் ஆற்றுப்பாலை வேர் பிடித்திருந்தது. கிளைகள் தண்ணீரில் படுத்துக்கொண்டு மண்ணை விடாமல் கிடந்தன. வெறுங்கரை மட்டும் பாளம் பாளமாக விழுந்தது. விஞ்ஞானத்துக்கு இதைவிட நல்ல வருஷம் அமையாது. எனக்கு அதைவிடக் கெட்ட வருஷம் அமையவில்லை.

கடலூரிலிருந்த எனக்குப் பாய் தினமும் போன் செய்தார்.

“இன்னைக்கும் விழுந்துச்சி மேடம். நேத்தைக்கு விட ஜாஸ்தி. ஆனா ஒன்னும் பண்ணிடாதீங்க, நான் வாக்கு குடுத்திருக்கேன்.”

குரலில் பெருமையும் இருந்தது, நடுக்கமும் இருந்தது. பல நாட்டு ஆறுகளோடு தன் கரையும் கணக்கில் இருக்கிறது என்பது அந்த மனுஷனுக்குச் சாதாரண விஷயமில்லை. மூன்றாவது போனுக்குப் பிறகு திருப்பாதிரிப்புலியூரில் ரயிலேறிச் சிதம்பரம் போய், அங்கிருந்து ஜீப்பில் கரைக்குப் போனேன். நான் கேட்டு வைத்திருந்த மணல் மூட்டையும் சவுக்குக் கழியும் ஏற்றிக்கொண்டு ஒரு டிராக்டர் வந்து நின்றது. இறக்கச் சொன்னால் இறக்குவார்கள். கொட்டாய்க்கும் தண்ணீருக்கும் இடையில் ஒரு மாட்டு வண்டி போகிற இடம்கூட மிச்சமில்லை.

மார்த்தாவை வீடியோவில் கூப்பிட்டுக் கரையைக் காட்டினேன். மூட்டை போட்டால் அது வெறுங்கரை இல்லை, அந்த இடத்தை நீக்கிவிடுவேன், இரண்டாம் கட்டமும் அந்தக் கரைக்கு வராது என்றார். மிரட்டலாகச் சொல்லவில்லை. எனக்கும் அது தெரியும். முடிவு உங்களுடையது என்று சொல்லிவிட்டுக் காத்திருந்தார்.

பாய் என் பக்கத்தில் வந்து நின்றார். “மேடம், வேணாம். இது கணக்குல வந்தாதான் கீழ இருக்குற அத்தன பேரு கரைக்கும் மரம் வரும். ஒரு கொட்டாய் போனா போவுது. நான் பாத்துக்குறேன்.”

இடம் கொடுத்தவரே வேண்டாம் என்கிறார், விஞ்ஞானமும் வேண்டாம் என்கிறது. பேசாமல் நின்றால் என்னை ஒருவரும் குறை சொல்ல முடியாது. வேலையில் மிகவும் ஆபத்தான நேரம் அதுதான். யாரும் நம்மைக் குறை சொல்ல முடியாத நேரத்தில் நாம் யோசிப்பதை நிறுத்திவிடுகிறோம்.

சிதம்பரத்து மேலதிகாரி ரிடையர் ஆகியிருந்தார். அவருக்குப் போன் போட்டேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தார், எரிந்து விழுந்தார்.

“என்னய ஏன் கேக்குற? எடம் யாரு பேர்ல இருக்கோ அவங்களக் கேளு.” வைத்துவிட்டார்.

அவர் எதையும் யோசித்துச் சொல்லியிருப்பார் என்று நான் நினைக்கவில்லை. என்னைத் துரத்துவதற்காகச் சொன்னதுதான். ஆனாலும் போனைக் கீழே இறக்கிவிட்டுப் பாயைக் கேட்டேன்.

“எடம் யாரு பேர்ல இருக்கு பாய்?”

அவர் ஆற்றைப் பார்த்தார். “ஆமினா பேர்ல. வாங்கும்போதே அவ பேர்லதான் எழுதுனேன்.”

“அவங்ககிட்ட கேட்டீங்களா?”

“அவகிட்ட என்னத்த மேடம் கேக்குறது. நான் சொன்னா சரிதான்.”

பாயின் மனைவி ஆமினா தூறலில் குடையோடு வாழைத்தோப்பு ஓரத்தில்தான் நின்றிருந்தார். நாங்கள் அந்தக் கரைக்குப் போகும்போதெல்லாம் அவர் கையால் டீ குடித்திருக்கிறோம். மார்த்தா அவரோடு சேர்ந்து படம்கூட எடுத்துக்கொண்டார். பக்கத்தில் போய், உங்கள் இடத்தில் என்ன செய்யட்டும் என்று கேட்டேன். முதலில் புருஷனைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“அவுங்க எடுத்தாங்க சீட்ட. அவுங்க நிய்யத்து நல்ல நிய்யத்துதான், நல்லது நெனச்சுத்தான் செஞ்சாங்க, நான் கொற சொல்லல. ஆனா கர விழுற சத்தத்த கேட்டுக்கிட்டே சோறாக்குறவ நானு. இவ்ளோ நாளா யாரும் கேக்கல, நானும் சொல்லல. இப்ப கேக்குறீங்களா? நெசமாவே கேக்குறீங்களா?”

“நெசமாத்தான் கேக்குறேன்.”

“அப்ப மூட்டய எறக்கச் சொல்லுங்க.”

இறக்கச் சொன்னேன். ஆட்கள் சவுக்குக் கழியை அடித்து மூட்டையை அடுக்க ஆரம்பித்தார்கள். பாய் கரை ஏறிப் போய்விட்டார். கொட்டாய் நின்றது. இன்றைக்கும் நிற்கிறது.

மார்த்தா எங்கள் இடத்தை நீக்கினார். “உங்கள் இடத்தில் நான் இருந்தாலும் இதைத்தான் செய்திருப்பேன். என் இடத்தில் இருப்பதால் நீக்குகிறேன்” என்றார். இதற்காகவே அந்த அம்மாவை எனக்குப் பிடிக்கும். சுற்றி வளைக்காமல் இப்படிச் சொல்கிற ஆளோடு வேலை செய்யக் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள், நாடு எதுவானாலும் சரி.

என் பிரிவு உபசார விழாவில் இதைப் பற்றி நன்றாகப் பேசினார்கள். மனிதாபிமானம் என்ற வார்த்தையை ஆளுக்கு ஒரு தரம் சொன்னார்கள். மாலையோடு உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு எப்போது போவோம் என்றுதான் இருந்தது. கதை அதோடு முடிந்திருந்தால் உங்களுக்கு எழுதியிருக்கவே மாட்டேன்.

நான் ரிடையர் ஆன பிறகு வந்த வெள்ளத்துக்கு அப்புறம் பாய் கூப்பிட்டார். அந்த நாளுக்குப் பின் அவர் என்னோடு பேசியதே இல்லை. நலம் விசாரிக்கவில்லை, நேரே விஷயத்துக்கு வந்தார்.

“அந்தோணி தோப்பு ஓரம் பூராவும் போயிடுச்சி மேடம். காய்ச்ச மரமா சாஞ்சி கெடக்குது. நம்ம கொட்டாய் நிக்குது. நான் தெனம் அந்த வழியாத்தான் பள்ளிக்குத் தொழப் போறேன்.”

பிறகு தொடர்ந்தார்.

“இன்னொன்னு சொல்றேன். ரெண்டாம் கட்டம் வரும், நம்ம கரைக்கும் மரம் வரும்னு அவன் இம்மாம் நாளா காத்துக்கிட்டு இருந்திருக்கான். எங்கிட்ட கேட்டிருந்தா நம்ம எடத்துலேருந்தே நூறு போத்து வெட்டிக் குடுத்திருப்பேன். ஏன்டா கேக்கலன்னா, ஆபீஸ்ல ஊன்ற வேணாம்னு சொல்லியிருக்காங்கன்றான். திட்டம் நின்னு போச்சுன்னு அவங்கிட்ட யாருமே சொல்லல மேடம்.”

யாருமே சொல்லவில்லை என்பது உண்மை. இடத்தை நீக்கிய தகவல் கடலூருக்கு வந்தது, சென்னைக்குப் போனது, மார்த்தா சொல்லிப் பல நாட்டுக்குப் போனது. பாய் வீட்டிலிருந்து ஒரு வாய்க்காலைத் தாண்டினால் அந்தோணி வீடு. அங்கே மட்டும் போகவில்லை. அவர் எங்கள் கணக்கில் இல்லாதவர், அதனால் தகவல் சொல்ல வேண்டிய ஆட்களிலும் இல்லை.

பாயை அன்று அப்படியே விட்டிருந்தால் கொட்டாய் போயிருக்கும், தோப்பு தப்பியிருக்கும் என்று இரவெல்லாம் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறேன். ஆமினாவின் முகம் நினைவுக்கு வந்ததும் அந்தக் கணக்கு நின்றுவிடும். மறுபடி அதே கரையில் நிறுத்தினாலும் மூட்டையை இறக்கத்தான் சொல்வேன். எது சரி என்று என்னிடம் கேட்காதீர்கள், அலுத்துவிட்டது. முடிவெடுக்கிறவர்கள் எல்லோரும் யாராவது ஒருவரைக் காப்பாற்றி இன்னொருவரைக் கைவிடத்தான் செய்கிறோம். கைவிடப்பட்டவரிடம் போய் அதைச் சொல்லுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். கடிதம் போடாதீர்கள், ஆள் அனுப்பாதீர்கள், நீங்களே போங்கள்.

நான் போனேன், தாமதமாக. சிதம்பரத்தில் இறங்கி டவுன் பஸ் பிடித்து, வலிக்கிற முட்டியோடு வரப்பில் நடந்து போனேன். அந்தோணி என்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிவந்து போட்டார். சாய்ந்து கிடந்த மரத்திலிருந்தே ஒரு இளநீரைத் திருகி எடுத்துச் சீவிக் கொடுத்தார். வாங்கிக் கையில் வைத்துக்கொண்டே சொன்னேன்.

“மூட்ட போடச் சொன்னது நான்தாங்க. அதனாலதான் இந்தக் கரைக்கு மரம் வரல. வராதுன்னு உங்களுக்கு வந்து சொல்லியிருக்கணும். சொல்லல.”

அவர் அரிவாளை மரத்தில் கொத்தி வைத்துவிட்டு எதிரே குந்தி உட்கார்ந்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“மூட்ட போட்டது சரிதான் மேடம். பாய் கொட்டாய்லேருந்துதான் எனக்கும் தண்ணி வருது. அது போயிருந்தா தோப்பே காஞ்சிருக்கும்.”

வெள்ளம் வடிந்து, ஒன்றுமே செய்யாதது போலக் கொள்ளிடம் ஒரு ஓரமாக ஓடிக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்தபடியே சொன்னார், யாரையும் குற்றம் சொல்கிற குரலில் இல்லை.

“உங்க ஆளுங்க தெனம் இந்த வழியாத்தான் போவாங்க, பாயோட வெறுங்கரைய அளக்க. குச்சி, டேப்பு, குடை எல்லாம் எடுத்துக்கிட்டு. நான் பாத்துக்கிட்டே இருப்பேன். எங்கரையும் வெறுங்கரைதான மேடம். அளக்க ஆள் வரல, அவ்ளோதான்.”